மட்டக்களப்பு, அம்பாறையில் கழிவு ஒயில் நிலையம்: காணி பார்ப்பதிலிருந்து உரிமம் எடுக்கும் வரை

வேஸ்ட் ஒயில் சேர்க்கும் தொழிலுக்கு ஒரு தாங்கி, ஒரு பம்ப், ஒரு லொறி போதும் என்று நினைத்து இறங்குபவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆனால் அந்த மூன்றும் கடைசியாக வாங்க வேண்டியவை. எந்த ஒயிலை எடுக்கப் போகிறீர்கள், எடுத்ததை என்ன செய்யப் போகிறீர்கள், எந்தக் காணியில் செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான் அதிகாரிகள் முதலில் கேட்பார்கள். இவற்றுக்கு எழுத்தில் விடை வைத்திருக்காமல் தாங்கி அடித்தால், அந்தத் தாங்கியைப் பிறகு வேறு காணிக்கு இழுக்க வேண்டி வரும்.

இலங்கையில் கழிவு ஒயில் சாதாரணக் குப்பை அல்ல. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் இதை அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாகக் கருதுகின்றன. இந்தக் கழிவை உண்டாக்குபவர், சேர்ப்பவர், ஏற்றிச் செல்பவர், களஞ்சியப்படுத்துபவர், மீட்டெடுப்பவர், மீள்சுழற்சி செய்பவர், இறுதியாக அகற்றுபவர் என எல்லோருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும். ஒயில் மாற்றும் சேவிஸ் ஸ்டேஷனும் இதற்குள் அடங்கும். கழிவை எல்லை தாண்டி அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் இலங்கை 1992இல் இணைந்தது. அதில் கழிவு கனிய எண்ணெய்க்கு வை8, எண்ணெயும் தண்ணீரும் கலந்த கழிவுக்கு வை9 என்று தனித்தனிக் குறியீடு உண்டு. விண்ணப்பத்தில் கழிவை விவரிக்கும்போது இந்தப் பிரிவை மனதில் வைத்து எழுதினால் குழப்பம் குறையும்.

முதல் படி: வரப்போகும் ஒயிலைப் பிரித்து எழுதுங்கள்

“பழைய ஒயில்” என்று ஒற்றை வரியில் எழுதிய விண்ணப்பம் கேள்விகளோடு திரும்பி வரும். நமது இரு மாவட்டங்களிலும் கிடைப்பதைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

கராஜ், சேவிஸ் ஸ்டேஷன், நெல் ஆலை ஜெனரேட்டர், உழவு இயந்திரம், அறுவடை மெஷின் ஆகியவற்றின் இஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் ஒரு வகை. கையாள எளிதானது இதுதான். பெற்றோல் கலந்திருந்தால் மட்டும் இதன் தன்மை மாறும். பெற்றோல் கொஞ்சம் கலந்தாலே தீப்பற்றும் வெப்பநிலை இறங்கிவிடும், சூடாக்கும் தாங்கியில் அது ஆபத்து.

வாழைச்சேனையிலிருந்தும் ஒலுவில் பக்கமிருந்தும் வரும் படகுகளின் அடித்தள ஒயில் இரண்டாவது வகை. இதில் பெரும்பகுதி உப்புத் தண்ணீர். லீற்றர் கணக்கில் காசு கொடுத்து வாங்கினால் தண்ணீருக்கே காசு கொடுப்பீர்கள். உப்பு தாங்கியின் அடித்தகட்டை உள்ளிருந்து அரிக்கும். இதற்குத் தனித் தாங்கி வைத்து, சேர்ந்த தண்ணீரை உடனுக்குடன் வடிக்க வேண்டும்.

மூன்றாவது, மின்மாற்றி ஒயில். பழைய மின்மாற்றிகளில் பி.சி.பி. எனும் நஞ்சு இருக்கக்கூடும். நீண்டகாலம் அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை கிலோவுக்கு 50 மில்லிகிராம் அளவை எல்லையாக வைத்திருக்கிறது. ஆய்வுகூட அறிக்கை இல்லாமல் ஒரு பரல் மின்மாற்றி ஒயிலை 5,000 லீற்றர் இஞ்சின் ஒயிலில் ஊற்றினால் அந்த 5,000 லீற்றரும் சந்தேகப் பொருளாகிவிடும், வாங்க ஆள் இருக்காது. பி.சி.பி. சாதாரண அடுப்பில் எரிந்து அழியாது. குறைந்த சூட்டில் எரித்தால் அதைவிடக் கொடிய டயொக்சின் உண்டாகும். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஒயிலை எடுப்பதில்லை என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

நான்காவது, மசகெண்ணெய் எனும் சுத்திகரிக்காத கச்சா எண்ணெயின் கழிவு: கப்பல் தாங்கியின் அடிச்சேறு, கடலில் சிந்தி ஒதுங்கியது போன்றவை. மசகெண்ணெய் இஞ்சின் ஒயில் மாதிரி அல்ல. புதிதாகச் சிந்திய மசகெண்ணெயிலிருந்து எளிதில் பற்றும் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே எழும். பென்சீன் இருக்கும், ஐதரசன் சல்பைட்டும் இருக்கலாம். இந்த வாயு காற்றில் 100 பீ.பீ.எம். (பத்து இலட்சத்தில் 100 பங்கு) அளவில் உயிருக்கு உடனடி ஆபத்து. அந்த அளவில் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாமல் போகும் என்பதால், மணம் இல்லை என்று நம்பித் தாங்கிக்குள் ஆளை இறக்கக் கூடாது. இஞ்சின் ஒயிலுக்கு எடுத்த உரிமத்தில் மசகெண்ணெய்க் கழிவை ஏற்க வேண்டாம்.

பிரேக் ஒயில், ரேடியேட்டர் கூலன்ட், தின்னர் ஆகிய மூன்றும் எந்தத் தாங்கிக்குள்ளும் போகக் கூடாது. பிரேக் ஒயிலும் கூலன்டும் தண்ணீரோடு கலப்பவை, எத்தனை நாள் வைத்தாலும் பிரியாது. கராஜ்காரரிடம் இதற்கென்று சிறு கான் ஒன்றைக் கொடுத்து வைத்தால் மாத்திரமே இந்தக் கலப்பு நிற்கும், சொல்லி மட்டும் நிற்காது.

இரண்டாம் படி: சேர்த்து அனுப்புவதா, சுத்திகரிப்பதா

இந்த முடிவில்தான் அனுமதிப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒயிலைச் சேர்த்து, மூடிய தாங்கியில் வைத்து, உரிமமுள்ள இன்னொருவருக்கு அனுப்புவது ஒரு பாதை. அங்கேயே சூடாக்கி, தண்ணீர் பிரித்து, வடித்து விற்பது மற்றது.

1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22 இலக்க வர்த்தமானி, சுற்றாடல் மதிப்பீடு கட்டாயமான கருத்திட்டங்களைப் பட்டியலிடுகிறது. நச்சு அல்லது ஆபத்தான கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் அதில் உள்ளன. ஆகவே சுத்திகரிப்பு என்று எழுதினால் முதலில் அடிப்படைத் தகவல் வினாக்கொத்தை நிரப்பிக் கொடுத்து, மதிப்பீடு தேவையா, எந்த வகை தேவை என்ற தீர்மானத்தை எழுத்தில் பெற வேண்டும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை போதுமென்றால் அறிக்கை ஒப்படைத்த பின் தீர்மானத்துக்கான காலம் 21 நாள். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள், அதன் பின் தீர்மானத்துக்கு 30 நாள். இதில் அறிக்கை தயாரிக்கும் மாதங்களும், துறைசார் ஆட்களுக்கான கட்டணமும் சேராது.

எங்கள் ஆலோசனை நேரடியானது: நமது மாவட்டங்களில் முதலில் சேர்த்து அனுப்பும் நிலையமாகத் தொடங்குங்கள். மாதத்துக்கு எவ்வளவு வருகிறது, அதில் தண்ணீர் எவ்வளவு என்ற கணக்கு கையில் இல்லாமல் சுத்திகரிப்புத் தாங்கியின் அளவைத் தீர்மானிக்கவே முடியாது. அந்தக் கணக்கு இருந்தால் மதிப்பீட்டு அறிக்கையும் உறுதியாக நிற்கும்.

மூன்றாம் படி: காணி

இங்கேதான் அதிகமானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், ஏனெனில் நமது நில அமைப்பு அப்படி. கல்முனை, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி பகுதிகளில் மக்கள் நெருங்கி வாழும் எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் மேடு. கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கடலின் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றர் கரையோர வலயம். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் கடலோடு தொடர்புள்ள வாவி, கழிமுகங்களின் ஓரமாக 100 மீற்றரையும் இதற்குள் கொண்டுவந்தது. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்கு இது அப்படியே பொருந்தும். இரு பக்கமும் கழித்துப் பார்த்தால் பல ஊர்களில் மிச்சமிருப்பது குடியிருப்புக் காணிதான். வலயத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

சட்டத்தை விட்டாலும் மணல் விடாது. எழுவான்கரையில் கிணற்று நீர் ஆழத்தில் இல்லை, மேலே சிந்தியது மழையோடு கீழிறங்கிப் பக்கத்து வளவுக் கிணற்றில் தெரியும். வாவியின் மேற்கே களிமண் நிலமான படுவான்கரைக்குப் போகலாமென்றால் அங்கே வயல். வயற்காணியை மூடவோ வேறு தேவைக்கு மாற்றவோ 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். அம்பாறையின் குடியேற்றப் பகுதிகளில் உறுதிக் காணிக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக்கென்று கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள் அதிகம். அந்தப் பத்திரத்தின் நிபந்தனையைப் பிரதேச செயலகத்தில் வாசித்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு எல்லைகளைக் கவனியுங்கள். ஓட்டத்தின் எந்த ஒரு இடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் காணி இருந்தால் மதிப்பீட்டுக் கேள்வி மறுபடியும் எழும். உங்கள் காணியருகே ஆறு ஒடுங்கியிருப்பது கணக்கில்லை. பட்டிப்பளை ஆற்றோரம் காணி பார்ப்பவர்கள் இதை அளந்தே ஆக வேண்டும். கல்லோயா, லாகுகலை போன்ற தேசிய பூங்காக்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் போக வேண்டும்.

வெள்ள மட்டத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் தண்ணீர் எங்கே நின்றதென்று அயல் வீட்டுச் சுவரில் பாருங்கள். கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே தள மட்டம் வர வேண்டும்.

நான்காம் படி: கடிதங்களின் ஒழுங்கு

காணி உறுதி, நில அளவைப் படம், பிரவேசப் பாதை காட்டும் வரைபடம் ஆகியவற்றோடு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் முதலில் இடத்துக்கான சுற்றாடல் சிபாரிசைக் கேளுங்கள். கட்டுவதற்கு முன் எடுக்க வேண்டியது இது. அதன் நிபந்தனைகளைக் கட்டட வரைபடத்தில் சேர்த்து, மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் கட்டட அனுமதியைப் பெறுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த பகுதியென்றால் கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழும் வேண்டும். தீயணைப்புப் பிரிவு மட்டக்களப்பு மாநகர சபையிலும் கல்முனை மாநகர சபையிலும் உண்டு. வரைபட நிலையிலேயே அவர்களிடம் காட்டினால், வண்டி திரும்பும் இடமில்லை என்று கட்டிய பின் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கட்டி முடித்து இயங்கத் தொடங்குமுன் இரண்டு உரிமங்கள் தேவைப்படும். ஆட்கள் ஈ.பி.எல். என்று சொல்லும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் ஒன்று. அது இடத்திலிருந்து வெளியேறும் நீர், புகை, சத்தம் பற்றியது. அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு முகாமைத்துவ உரிமம் மற்றது. அது ஒயில் என்ற பொருளின் நடமாட்டம் பற்றியது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பது மிகச் சாதாரணமான பிழை. லொறியும் இரண்டாவது உரிமத்துக்குள் வரும். வாகன இலக்கம், சாரதியின் பயிற்சி, போகும் பாதை, சிந்தினால் செய்ய வேண்டியவை எல்லாம் எழுதிக் கொடுங்கள்.

விண்ணப்பத்தோடு இவற்றையும் இணையுங்கள்: மாதமொன்றுக்கு எதிர்பார்க்கும் அளவு, தாங்கிகளின் கொள்ளளவு, ஒயில் போய்ச் சேரும் இடத்தின் உரிமப் பிரதி, சேறு போகுமிடத்தின் ஒப்புதல் கடிதம், அவசரகாலத் திட்டம், காப்புறுதி. இவற்றுள் சேறு பற்றிய கடிதம் இல்லாமல்தான் கோப்பு அதிகம் தேங்கும். ஒயிலை வாங்க ஆள் உண்டு, அடிச்சேற்றை வாங்க ஆள் இல்லை. புத்தளம் சீமெந்து ஆலையின் சூளை போல உயர் வெப்பத்தில் எரிக்கும் வசதிக்கு அனுப்பும் ஒழுங்கை முன்கூட்டியே பேசி, போக்குவரத்துச் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அணைச்சுவர், கூரை, பொறிக்கிடங்கு

தாங்கி உடைந்தால் ஒயிலைப் பிடிக்கும் அணைச்சுவருக்குப் பல நாடுகளில் பின்பற்றும் அளவு, மிகப்பெரிய தாங்கியின் 110 வீதம் அல்லது எல்லாத் தாங்கிகளின் மொத்தத்தில் 25 வீதம், இரண்டில் பெரியது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 10,000 லீற்றர் தாங்கி ஒன்று, 5,000 லீற்றர் தாங்கி இரண்டு. 110 வீதம் என்றால் 11,000 லீற்றர், அதாவது 11 கனமீற்றர். மொத்தத்தில் 25 வீதம் 5,000 லீற்றர்தான், எனவே 11ஐ எடுக்கிறோம். அணையின் உட்பரப்பு 8 மீற்றருக்கு 5 மீற்றர், 40 சதுர மீற்றர். சிறிய தாங்கிகள் 1.6 மீற்றர் விட்டமென்றால் அவை அடைக்கும் இடம் சுமார் 4 சதுர மீற்றர். மிச்சம் 36. பதினொன்றை 36ஆல் பிரித்தால் 0.31 மீற்றர் உயரம். கூரை இல்லாவிட்டால் ஒரே நாளில் 150 மில்லிமீற்றர் மழைக்கு இன்னும் 0.17 சேரும். ஆக 0.48. சுவரை 0.6 மீற்றருக்குக் கட்டுங்கள். இந்தக் கணக்கை வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவைத்தால் பரிசோதனைக்கு வருபவர் அங்கேயே சரிபார்த்துக்கொள்வார்.

சுவரைச் சீமெந்துக் கல்லால் கட்டி மேலே பூசிவிட்டால் போதாது, கல்லின் இணைப்புகளால் ஒயில் கசியும். வலுவூட்டிய கொங்கிறீற்றுத் தளமும் சுவரும் ஒன்றாக வார்த்து, ஒயில் தாங்கும் பூச்சு அடிக்க வேண்டும். குழாய் சுவரைத் துளைத்துப் போகாமல் சுவருக்கு மேலால் ஏறி இறங்கட்டும்.

கூரையை ஆடம்பரம் என்று விடாதீர்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று மழையில் திறந்த அணைக்குள் தண்ணீர் நிற்கும், அதை வெளியேற்ற வடிகால் வால்வைத் திறப்பார்கள், திறந்ததை மூட மறப்பார்கள். கசிவு நடக்கும் அன்று அணை இருந்தும் இல்லாதது போலாகும். கூரை இருந்தால் வால்வே தேவையில்லை. சேரும் சிறு அளவைக் கைப்பம்பால் எடுக்கலாம்.

வெறுந்தாங்கி மிதப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2.3 மீற்றர் விட்டம், 2.4 மீற்றர் உயரத்தில் 5 மில்லிமீற்றர் தகட்டால் அடித்த 10,000 லீற்றர் தாங்கி ஏறத்தாழ 1,000 கிலோ. அதன் அடிப்பரப்பு 4.15 சதுர மீற்றர். அணைக்குள் 25 சென்ரிமீற்றர் தண்ணீர் ஏறினாலே அதைத் தூக்கிவிடும். தாங்கி அசைந்ததும் குழாய் இணைப்பு முறியும். தளத்தோடு நங்கூர ஆணிகளால் பூட்டுங்கள், மழைக்காலத்தில் எந்தத் தாங்கியையும் முற்றாகக் காலியாக விடாதீர்கள்.

முற்றத்துக் கழுவுநீருக்கு, அதிலுள்ள ஒயிலைப் பிடித்துவைக்கும் மூன்று அறைப் பொறிக்கிடங்கு தேவை. அறைகளை இணைக்கும் குழாய் அடிமட்டத்திலிருந்து நீரை எடுக்க வேண்டும், அப்போதுதான் மிதக்கும் ஒயில் முன் அறையில் தங்கும். இது தோற்பதற்கு இரண்டு காரணங்கள். கிடங்குக்கு முன்னால் பம்ப் வைத்தால் அதன் சுழற்சி ஒயிலை நுண்துளிகளாக உடைத்துவிடும், அவை மிதக்காது. சவர்க்காரத் தூள் போட்டுத் தளத்தைக் கழுவினாலும் அதே கதை. நீர் தானாக வழிந்து வரட்டும், தளத்தை மரத்தூள் போட்டுக் கூட்டி எடுங்கள். அந்த மரத்தூளும் அட்டவணைக் கழிவுதான். 2008 ஒழுங்குவிதிகளின்படி உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பொறிக்கிடங்கு மட்டும் வைத்து இதை எல்லா நேரமும் எட்டலாம் என்று நம்ப முடியாது. வாவிக்கோ வாய்க்காலுக்கோ எதையும் விடுவதில்லை, சேர்த்து வெளியே அனுப்புகிறோம் என்று வடிவமைப்பது அனுமதிக்கும் நல்லது, மீனவருக்கும் நல்லது.

ஆறாம் படி: தண்ணீர் பிரித்தல்

சுத்திகரிப்புக்கு அனுமதி கிடைத்தவர்களுக்கு மட்டும் இது. வரும் ஒயிலை 60 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, கலக்காமல் ஒன்று அல்லது இரண்டு நாள் விட்டால் தண்ணீரும் சேறும் அடியில் இறங்கும். சூடு ஒயிலை இளக்குவதால்தான் துளிகள் விரைவாக இறங்குகின்றன. 100 பாகையைத் தொடவிடாதீர்கள். அடியில் தேங்கிய தண்ணீர் திடீரென ஆவியானால் ஒயில் பொங்கி வழியும், நெருப்புக்கு மேல் வழிந்தால் அணைக்க முடியாது. நேரடி நெருப்புக்குப் பதிலாக நீராவிச் சுருள் அல்லது சுடுதண்ணீர்ச் சுருள் வையுங்கள். கொதிகலன் இருந்தால் அதன் புகைக்கு 2019ஆம் ஆண்டின் காற்று மாசு ஒழுங்குவிதிகள் பொருந்தும்.

தண்ணீர் மட்டத்தை அறியப் பெற்றோல் ஷெட்களில் பாவிக்கும், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் தண்ணீர்ப் பசையை அளவுகோலில் பூசி இறக்கலாம். ஒயிலுக்குள் கலந்திருக்கும் தண்ணீருக்கு, 150 பாகையளவு சூடான தகட்டில் ஒரு துளி விடுங்கள். சடசடத்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது.

அமிலம் ஊற்றிக் கறுப்பை எடுக்கும் பழைய முறை பக்கமே போக வேண்டாம். ஒயில் தெளியும், ஆனால் அமிலத் தார் மிஞ்சும். அதை அகற்ற நமது மாவட்டங்களில் இடமே இல்லை.

ஏழாம் படி: புத்தகம்

உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதிகாரி முதலில் கேட்பது பதிவேட்டை. ஒவ்வொரு ஏற்றுதலுக்கும் ஒப்படைப்புச் சீட்டு, அதில் கொடுத்தவர், ஏற்றியவர், பெற்றவர் கையொப்பம். மாத முடிவில் கணக்கு நேராக வேண்டும். உதாரணமாக 4,000 லீற்றர் வந்தது. 600 தண்ணீர், 150 சேறு, 3,200 ஒயில் வெளியே, 50 இழப்பு. இழப்பு மாதாமாதம் ஏறினால் கசிவைத் தேடுங்கள். வரவில் தண்ணீரே காட்டாத புத்தகத்தைக் கண்டால் அனுபவமுள்ள அதிகாரி பின்பக்கக் காணைப் பார்க்கப் போவார். ஒவ்வொரு வரவிலும் அரை லீற்றர் மாதிரியைப் போத்தலில் எடுத்து, திகதியும் கொடுத்தவர் பெயரும் ஒட்டி வையுங்கள். கலப்படம் தெரியவரும்போது யாருடையது என்று காட்ட அது ஒன்றே வழி.

உரிமம் முடியும் திகதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். உரிமம் மறுக்கப்பட்டாலோ இரத்துச் செய்யப்பட்டாலோ அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் சுற்றாடல் அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் வரைபடம், ஆய்வுகூட அறிக்கை என்று ஆதாரம் வைத்துப் பதில் எழுதுங்கள்.

கடலில் சிந்தினால்

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி அம்பாறையின் சங்கமன்கண்டிக்கு அப்பால் எம்.ரி. நியூ டயமண்ட் கப்பல் தீப்பிடித்தபோது அதில் சுமார் 270,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. சரக்குத் தாங்கிகள் உடையாததால் திருக்கோவில், பொத்துவில் கரைகள் தப்பின. அப்படி ஒதுங்கினால் அதை அள்ளும் பொறுப்பை வழிநடத்துவது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை. எண்ணெய் படிந்த மணலையோ வலையையோ நிலையத்துக்கு ஏற்றிவரச் சொல்லி யார் கேட்டாலும், அந்த அதிகார சபையினதும் மத்திய சுற்றாடல் அதிகார சபையினதும் எழுத்து அனுமதி இல்லாமல் கேற்றைத் திறக்காதீர்கள். உதவ விரும்பினால், வெறும் பரல்கள், மூடிகள், பொலித்தீன் விரிப்பு, ஒடுங்கிய பாதையில் போகும் உழவு இயந்திரப் பெட்டி எத்தனை கொடுக்க முடியும் என்ற பட்டியலை மாவட்டச் செயலகத்தின் அனர்த்த முகாமைத்துவப் பிரிவில் இப்போதே கொடுத்து வைக்கலாம். அள்ளும்போது எண்ணெய் படிந்த மணலையும் சுத்தமான மணலையும் ஒரே குவியலாக்கினால் அகற்ற வேண்டிய அளவு பல மடங்காகும். மண்வெட்டியால் மேற்படையை மட்டும் சீவி எடுக்கப் பழகிய ஆட்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.